எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக வந்த கோடு: ஃப்ரஜைல் எக்ஸ் ஆய்வும் அதற்கு வந்த பணமும்

எலியின் மூளையிலிருந்து, நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியை எடுத்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் சீவி, உப்பும் குளுக்கோஸும் கலந்து ஆக்சிஜன் ஊட்டிய நீர் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னத் தொட்டியில் வைத்தால், அந்தத் துண்டு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். ஒரு மின்முனையால் லேசாகத் தட்டினால் இன்னொரு மின்முனையில் பதில் வரும். சில நொடிக்கு ஒரு தட்டு, ஒரு பதில். திரையில் புள்ளிபுள்ளியாக ஒரு கோடு நேராகப் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் டி.எச்.பி.ஜி. என்ற வேதிப்பொருளை ஐந்து நிமிடம் நீரில் கலந்து ஓடவிட்டு, பிறகு கழுவிவிட வேண்டும். கோடு சட்டென்று விழும். கழுவி ஒரு மணி நேரம் ஆன பிறகும் பழைய உயரத்துக்கு ஏறாது. அந்தச் செல்களுக்கு இடையிலான இணைப்பு தளர்ந்துவிட்டது, தளர்ந்த நிலையிலேயே நிலைத்தும்விட்டது.

இதைச் செய்து பார்த்தவர் கிம்பர்லி ஹியூபர். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மார்க் பேர் நடத்திய ஆய்வகத்தில் அப்போது அவர் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டம் முடித்து வேலை பார்க்கும் இளம் ஆய்வாளர். 2000இல் அவர்கள் சயன்ஸ் இதழில் ஒன்றைச் சொன்னார்கள்: இந்தத் தளர்வு நிலைக்க வேண்டுமானால் அந்த இணைப்பின் அருகிலேயே புதிதாகப் புரதம் உருவாக வேண்டும், புரத உற்பத்தியைத் தடுத்துவிட்டால் கோடு மெல்ல மெல்ல மேலே ஏறிவிடும்.

எந்தப் புரதம் என்பது அடுத்த கேள்வி. டி.எச்.பி.ஜி. தூண்டும் அதே ஏற்பிகளை, அதாவது செல்லின் மேல் வேதிச் செய்தியை வாங்கும் புரதங்களைத் தூண்டினால், இணைப்பின் அருகே எஃப்.எம்.ஆர்.பி. என்ற புரதம் உருவாகிறது என்று 1997இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிரீனோவின் குழு காட்டியிருந்தது. அப்படியானால் கோட்டைக் கீழே பிடித்து வைப்பது இந்தப் புரதமாக இருக்கலாம். இது இல்லாத எலியில் கோடு விழாது, அல்லது விழுந்தாலும் நிலைக்காது. நல்ல ஊகம்தான். எமரி பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் வாரனோடு சேர்ந்து, எஃப்.எம்.ஆர்.பி. இல்லாத எலிகளில் அதே சோதனையைச் செய்தார்கள்.

கோடு விழுந்தது. சாதாரண எலியில் விழுந்ததைவிட ஆழமாக விழுந்தது.

2002இல் வெளிவந்த இந்த முடிவிலிருந்துதான், எஃப்.எம்.ஆர்.பி. இல்லாமல் போவதால் வரும் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள குறைபாட்டுக்கு மூளையின் வேதியியலை அறிந்து மருந்து தேடலாம் என்ற முயற்சி பெரிய அளவில் கிளம்பியது. அந்த முயற்சிக்குப் பணம் எங்கே வந்தது, எங்கே வரவில்லை, எங்கே அளவுக்கு மிஞ்சி வந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இந்தச் சோதனைக்கு விண்ணப்பம் எழுதியிருந்தால்

ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் எழுதிய யாருக்கும் இந்த வேதனை தெரியும். என்ன கண்டுபிடிக்கப்போகிறாய் என்று கேட்பார்கள். ஆரம்பகட்டத் தரவு எங்கே என்று கேட்பார்கள். அதாவது பாதி வேலையை முடித்துவிட்டு வந்தால் மீதிப் பாதிக்குப் பணம் கிடைக்கும். நீச்சல் கற்ற பிறகு ஆற்றில் இறங்கு என்பது மாதிரி.

பேர் குழு இந்தச் சோதனைக்காகத் தனியாக ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்? "எஃப்.எம்.ஆர்.பி. இல்லாவிட்டால் தளர்வு குறையும்" என்று இருந்திருக்கும். தவறான வாக்கியம். அந்த வாக்கியத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் குழுவிடம், இது தவறாகப் போனால்தான் பெரிய விஷயம் கிடைக்கும் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு, அதாவது என்.ஐ.எச்.சுக்கு, இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. ஆர்21 என்று ஒரு வகை நிதி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம், நேரடிச் செலவுக்கு மொத்தம் 2,75,000 டாலர் வரை, ஆரம்பகட்டத் தரவு கட்டாயமில்லை. விதிப்படி கட்டாயமில்லை என்றாலும், மதிப்பிடும் மேசையில் தரவு உள்ள விண்ணப்பமும் தரவு இல்லாத விண்ணப்பமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆட்டிசம் ஆய்வுக்குப் பெரிய அளவில் பணம் கொடுக்கும் நியூயார்க்கின் சைமன்ஸ் அறக்கட்டளை இதற்காகவே இரண்டு வருட பைலட் நிதியை நடத்துகிறது.

மார்க் பேருக்கு வேறொரு வசதி இருந்தது. அப்போது அவர் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர். அந்த நிறுவனம் திட்டத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை, ஆளைப் பார்த்துக் கொடுக்கிறது. இந்த வருடம் என்ன செய்வேன் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டு அதற்குள் அடைந்துகிடக்க வேண்டியதில்லை. கற்றலும் நினைவும் இணைப்புகளில் எப்படி நடக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்த ஆய்வகம், யாரிடமும் கேட்காமல் ஒரு நோயின் எலியை வாங்கித் தொட்டியில் போட்டுப் பார்க்க முடிந்தது இதனால்தான் என்பது என் கணிப்பு.

மூன்று பெற்றோர்

ஆனால் ஒரு ஆய்வகத்தில் ஒரு கோடு விழுந்தால் மட்டும் போதாது. அந்தக் கோட்டின் பொருள் புரிந்த ஆட்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதற்கான ஏற்பாடு எட்டு வருடம் முன்பே தொடங்கியிருந்தது.

ஃப்ரஜைல் எக்ஸ் என்பது எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணு அணைந்துபோவதால் வருவது. அந்த மரபணுவின் தொடக்கத்தில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வரும். நம்மில் பெரும்பாலோருக்கு அது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். இருநூறைத் தாண்டினால் உடல் அந்த மரபணுவையே பூட்டிவிடுகிறது, எஃப்.எம்.ஆர்.பி. உருவாவதில்லை. அறிவுத்திறன் குறைபாட்டுக்கான பரம்பரைக் காரணங்களில் இதுதான் மிக அதிகம். இந்தக் குறைபாடுள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆட்டிசமும் இருக்கும். மறுபக்கம் பார்த்தால், ஆட்டிசம் உள்ளவர்களில் சில சதவீதம் பேருக்கே காரணம் ஃப்ரஜைல் எக்ஸ். இந்த இரண்டாவது கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த ஏமாற்றத்தில் அதற்கும் பங்குண்டு.

மரபணு 1991இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது இல்லாத எலியை 1994இல் நெதர்லாந்து, பெல்ஜிய விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். அதே 1994இல் மாசசூசெட்ஸில் கேட்டி கிளாப், மைக்கேல் டிரான்ஃபாக்லியா, கேத்தி மே என்று மூன்று பெற்றோர் சேர்ந்து ஃப்ராக்ஸா ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். கிளாப்பும் டிரான்ஃபாக்லியாவும் கணவன் மனைவி. டிரான்ஃபாக்லியா மனநல மருத்துவர்.

பணம் திரட்டுகிற பெற்றோர் அமைப்புகள் உலகம் முழுக்க உண்டு. ஃப்ராக்ஸா செய்ததில் கவனிக்க வேண்டியது, அவர்கள் எதற்குச் செலவிட்டார்கள் என்பது. கட்டடம் கட்டவில்லை. பெரிய ஆய்வகத்துக்கு மொத்தமாகத் தூக்கிக்கொடுக்கவும் இல்லை. பெரும்பாலும் ஒரு போஸ்ட்டாக்குக்கு இரண்டு வருடச் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் மூளையின் ஏதோ ஒரு மூலையை ஆராய்ந்துகொண்டிருக்கும் இளைஞர், இந்த எலியையும் கொஞ்சம் பார்க்கிறேன் என்று வந்தால் அவருக்குப் பணம். இரண்டு வருடத்தில் ஏதாவது தெரிந்தால் அந்தத் தரவை வைத்து என்.ஐ.எச்.சிடம் பெரிய தொகை கேட்கலாம். தெரியாவிட்டால் அந்தக் கணக்கை மூடலாம்.

அப்புறம், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள பான்பரி மையத்தில் சின்னக் கூட்டங்கள் நடத்தினார்கள். மாநாடு மாதிரி ஆயிரம் பேர் இல்லை. ஒரு அறையில் அடங்கும் கூட்டம். ஈயை வைத்து ஆராய்பவர், எலியை வைத்து ஆராய்பவர், குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர் எல்லாரும் ஒரே மேசையில். இதற்கான செலவு எந்த நிதி அறிக்கையிலும் பெரிதாகத் தெரியாது. பேர் குழுவின் கோடு எந்த நோயைப் பற்றியது என்று உடனே புரிந்துகொள்ள ஆட்கள் தயாராக இருந்தார்கள் என்றால், இந்தக் கூட்டங்களுக்கு அதில் பங்கு இருக்கிறது.

ஆக்சிலரேட்டரும் பிரேக்கும்

2004இல் பேர், ஹியூபர், வாரன் மூவரும் தங்கள் கருத்தை ஒரே கட்டுரையில் கோத்து வைத்தார்கள். சுருக்கம் இதுதான். எம்-குளூர்-5 என்ற ஏற்பி இணைப்பருகே புரத உற்பத்தியைத் தூண்டும் ஆக்சிலரேட்டர். எஃப்.எம்.ஆர்.பி. அதன் பிரேக். பிரேக் இல்லாத வண்டியை நிதானப்படுத்த ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் போதும்.

பிரேக்கைத் திரும்பப் பொருத்துவது மரபணு சிகிச்சை, அது அப்போது எட்டாத தூரம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது மாத்திரையால் முடிகிற காரியம். எம்-குளூர்-5 ஏற்பியை அடக்கும் வேதிப்பொருள்கள் ஏற்கெனவே மருந்து நிறுவனங்களின் அலமாரியில் இருந்தன.

சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாக வந்தன. ஈக்களில் வேலை செய்தது. 2007இல் மார்க் பேர் ஆய்வகத்தில் குல் டோலென், எஃப்.எம்.ஆர்.பி. இல்லாத எலியில் எம்-குளூர்-5இன் அளவையும் பிறவியிலேயே பாதியாகக் குறைத்துப் பார்த்தார். எட்டுக் குறைகளை அளந்ததில் ஏழு சரியாயின. காதைப் பிளக்கும் ஒலி கேட்டதும் வலிப்பு வந்து சாகிற எலிகளில் அந்த வலிப்பு குறைந்தது. நரம்புச் செல்லின் கிளைகளில் முட்கள் போல் அடர்ந்திருந்த இணைப்பு முனைகள் குறைந்தன. விரை பெரிதாவது மட்டும் மாறவில்லை.

எட்டில் ஏழு. இப்படி ஒரு எண்ணைப் பார்த்தபின் முதலீட்டாளர்கள் சும்மா இருப்பார்களா? பெரிய மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸ் வந்தது. இன்னொன்றான ரோஷ் வந்தது. மார்க் பேரே ராண்டல் கார்ப்பென்டரோடு சேர்ந்து 2005இல் சீசைட் தெரபியூட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்.

ஃப்ராக்ஸா இந்த நேரத்திலும் சின்ன அளவில் ஒன்று செய்தது. லித்தியம் மலிவான பழைய மருந்து. எம்-குளூர் பாதையின் கீழ்ப்பகுதியை அது அடக்கும். சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் பெரி-கிரேவிஸ் 15 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். மருந்து கொடுக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்த, ஒப்பிட்டுப் பார்க்க ப்ளசீபோ என்ற மருந்தில்லாத வெறும் மாத்திரை தராத சோதனை. 2008இல் வந்த முடிவு நம்பிக்கை தருவதாக இருந்தது, முதன்மையாக அளக்க நினைத்த அளவில் மட்டும் தெளிவான மாற்றம் தெரியவில்லை. அந்தக் கடைசி வரியை அப்போது எல்லாரும் லேசாகக் கடந்துபோனார்கள்.

ஏழு பேர்

நோவார்ட்டிஸின் மருந்து மாவோகுளூரன்ட். 30 ஆண்களிடம் நடந்த முதல் சோதனையின் முடிவு 2011இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் மருந்துக்கும் ப்ளசீபோவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் மரபணு முழுக்கப் பூட்டப்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அவர்களிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அப்படிப்பட்டவர்கள் ஏழு பேர்.

ஏழு பேரை வைத்து ஒரு ஊகம் எழுப்பலாம், தப்பில்லை. அந்த ஊகத்தைச் சின்ன அளவில் இன்னொரு முறை செய்து பார்த்துவிட்டுப் பெரிய சோதனைக்குப் போயிருக்கலாம். அதற்குப் பதில் பெரியவர்கள் 175 பேர், பதின்வயதினர் 139 பேர் என்று பல நாடுகளில் சோதனை விரிந்தது. முழுக்கப் பூட்டப்பட்டவர்களிடமும் மருந்து ப்ளசீபோவை வெல்லவில்லை. 2014 ஏப்ரலில் நோவார்ட்டிஸ் நிறுத்திக்கொண்டது. 183 பேரிடம் சோதிக்கப்பட்ட ரோஷின் பாசிம்குளூரன்டும் அதே வருடம் நின்றது.

சீசைடின் கதை இன்னும் விசித்திரம். அவர்களுடைய ஆர்பாக்லோஃபென் வேறு வழியில் அதே இலக்கைத் தொடுகிற மருந்து: எம்-குளூர்-5ஐத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வெளியாவதையே குறைக்கும். 63 பேரிடம் நடந்த சோதனை 2012இல் வெளிவந்தது. எரிச்சல் குறைகிறதா என்பது முதன்மை அளவுகோல். குறையவில்லை. ஆனால் பின்னர் தரவைத் திருப்பிப் பார்த்தபோது, பிறரைத் தவிர்த்து ஒதுங்குவது குறைந்திருந்தது. சரி, அடுத்த கட்டத்தில் அதையே முதன்மை அளவுகோலாக வைத்தார்கள். குழந்தைகள் 172 பேர். பதின்வயதினரும் பெரியவர்களும் 125 பேர். ஒதுங்குதலில் வித்தியாசம் இல்லை. அதிக அளவு மருந்து எடுத்த குழந்தைகளிடம் என்ன குறைந்திருந்தது தெரியுமா? எரிச்சல்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் முறை எரிச்சலை அளந்தால் ஒதுங்குதல் குறைகிறது. ஒதுங்குதலை அளந்தால் எரிச்சல் குறைகிறது. மருந்து ஆளுக்கு ஆள் ஏதோ செய்திருக்கலாம். ஒன்றுமே செய்யாமலும் இருந்திருக்கலாம். கையில் இருந்த அளவுகோலால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதே மருந்தை ஃப்ரஜைல் எக்ஸுக்கு வெளியே, 5 முதல் 21 வயது வரை ஆட்டிசம் உள்ள 150 பேரிடமும் சோதித்தார்கள். இங்கேதான் முன்பு சொன்ன இரண்டாவது கணக்கு வருகிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் எஃப்.எம்.ஆர்.1 இல்லை. பிரேக் இல்லாத வண்டிக்கென்று யோசித்த வைத்தியத்தை, என்ன பழுது என்றே தெரியாத 150 வண்டிகளுக்குச் செய்து பார்த்தார்கள். முதன்மை அளவுகோலில் வித்தியாசம் இல்லை.

2013 மே மாதம், தொடர்ந்து மருந்து கொடுத்துவந்த நீட்டிப்புச் சோதனையை நடத்த வளம் இல்லை என்று சொல்லி சீசைட் அதை நிறுத்தியது. தங்கள் பிள்ளைக்கு இந்த மருந்து உதவியது என்று உறுதியாக நம்பிய பெற்றோர் பலர் இருந்தார்கள். மாத்திரை முடிகிற தேதி அவர்களுக்குத் தெரியும். ஒரு சோதனை தோற்றது என்று புள்ளிவிவரம் சொல்வதும், என் மகன் இந்த வருடம்தான் முதல் முறையாகப் பிறந்தநாள் விருந்தில் உட்கார்ந்தான் என்று ஒரு அம்மா சொல்வதும் ஒரே மருந்தைப் பற்றி இருக்கலாம். இரண்டில் எது சரி என்று கண்டுபிடிக்கும் கருவி அந்த வருடம் யாரிடமும் இல்லை.

படிவம்

அந்தச் சோதனைகளில் பயன்பட்ட அளவுகோலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஏ.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நடத்தைப் பட்டியல். 58 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண்: பிரச்சினையே இல்லை என்றால் 0, கடுமையான பிரச்சினை என்றால் 3. நிரப்புவது பெற்றோர், அல்லது கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர். 1980களில், பெரிய காப்பகங்களில் வாழ்ந்த அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்குக் கொடுக்கும் மருந்துகளின் விளைவைக் கணிக்க உருவானது.

ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். ஐந்து மணி நேரம் காரோட்டி மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். மகனுக்கு மருந்தா, வெறும் மாத்திரையா என்று தெரியாது, ஆனால் மருந்தாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். கத்துகிறானா, சட்டென்று கோபப்படுகிறானா, தனியாக ஒதுங்குகிறானா? போன மாதம் 3 போட்டார். இந்த வாரம் பரவாயில்லை. 2 போடுகிறார். இப்படி நூறு அம்மாக்கள் 2 போட்டால் ப்ளசீபோ குழுவும் கணிசமாக முன்னேறியதாகத்தான் கணக்கு வரும். அந்தச் சோதனைகளில் ப்ளசீபோவின் விளைவு பெரிதாகவே இருந்தது.

அம்மாவின் மேல் தவறில்லை. ஏன் இந்தப் படிவம் என்று கேட்டால் விடை நிர்வாகம் சார்ந்தது. ஆட்டிசத்தில் எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோன் என்ற மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் அனுமதித்தது. அந்தச் சோதனைகளில் எரிச்சலை அளந்தது ஏ.பி.சி. அனுமதி வாங்கிக்கொடுத்த அளவுகோல் என்ற பெயர் அதற்கு வந்துவிட்டது. ஆனால் எம்-குளூர் கோட்பாடு எரிச்சலைப் பற்றியது இல்லையே. கற்றல், இணைப்பு, நினைவு ஆகியவற்றைப் பற்றியது. எலியிடம் கற்றலை அளந்துவிட்டு மனிதரிடம் கோபத்தை அளந்தார்கள்.

என் குறை இதுதான். 2002க்கும் 2012க்கும் இடையில், இந்தக் குறைபாடு உள்ளவரின் கற்றல் மாறுகிறதா என்று நம்பகமாக அளக்கும் ஒரு தேர்வை உருவாக்கப் போதுமான அக்கறை காட்டப்படவில்லை. அதற்கு ஆகும் செலவு ஒரு மருந்துச் சோதனையின் செலவோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் அது கவர்ச்சியான ஆய்வு இல்லை. கோட்பாடு இல்லை, மருந்து இல்லை. ஒரே தேர்வை ஒரே ஆளுக்கு ஒரு மாதம் விட்டு மறுபடி வைத்து இரண்டு மதிப்பெண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வேலை. கண்டுபிடிப்புக்குப் பணம் தருபவர், இது கண்டுபிடிப்பு இல்லையே என்பார். மருந்துக்குப் பணம் தருபவர், இது மருந்து இல்லையே என்பார்.

தொட்டியில் இன்னும் பார்க்க வேண்டியவையும் மிச்சம் இருந்தன. 2010இலேயே பெங்களூருவின் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியின் குழு, இதே எலியில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியை ஆராய்ந்தது. ஹிப்போகாம்பஸில் கண்ட அதே கோளாறு அங்கே இல்லை. இணைப்புகள் வலுப்பெறும் திறன் குன்றியிருந்தது. எம்-குளூர்-5ஐ அடக்கியபோது அங்கே சிலது சரியானது, சிலது ஆகவில்லை. ஒரே மூளையில் இரண்டு பகுதிகள் இரண்டு விதமாக நடந்துகொண்டால், மாத்திரை இரண்டையும் ஒன்றாகத்தானே நனைக்கும்?

வயது இன்னொன்று. டோலெனின் எலிகளில் மாற்றம் கருவிலிருந்தே இருந்தது. எம்-குளூர்-5ஐ நேரடியாக அடக்கும் மருந்துகளின் பெரிய மனிதச் சோதனைகள் பெரியவர்களிடமும் பதின்வயதினரிடமும் நடந்தன. பாதுகாப்புக் காரணமாக அப்படித்தான் தொடங்க முடியும் என்பது நியாயம். பல வருடம் கழித்து என்.ஐ.எச். பணத்தில், பள்ளிக்குப் போகும் முன் வயதுக் குழந்தைகளிடம் மாவோகுளூரன்டை மொழிப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் வந்த முடிவில் அங்கும் மருந்தால் கூடுதல் பயன் தெரியவில்லை. ஆகவே, சின்ன வயதில் கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

2021இல் மார்க் பேரின் ஆய்வகம் மறுபடி எலிக்குத் திரும்பியது. எம்-குளூர்-5ஐ அடக்கும் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் உடல் பழகிவிடுகிறது, வலிப்பைத் தடுக்கும் பலன் மங்கிவிடுகிறது என்று கண்டார்கள். இதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டவை அதே எலி, அதே வகை மருந்து, கூடுதலாகக் கொஞ்ச நாள். நூற்றுக்கணக்கான பேரிடம் மாதக்கணக்கில் மருந்து கொடுக்கும் முன் இதைப் பார்த்திருக்கலாம். முடிவு சாதகமாக வந்துகொண்டிருக்கும்போது, சாதகமில்லாத கேள்விக்கு யார் பணம் கேட்பார்கள்?

சிலியில் ஒரு எலிக்கூடம், சிகாகோவில் முப்பது பேர்

பெரிய நிறுவனங்கள் போனபின் சைமன்ஸ் அறக்கட்டளையோடு இணைந்த ஒரு நிறுவனம் ஆர்பாக்லோஃபெனை எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அது மறுபடி சோதிக்கப்பட்டது. ஃப்ராக்ஸா தன் பழைய வழக்கத்துக்கே திரும்பியது. எந்த மருந்தாக இருந்தாலும் ஒரே விதமான எலிச் சோதனைகளில் ஓட்டிப் பார்க்க சிலி நாட்டின் சாண்டியாகோவில் பட்ரீசியா கோக்ராம் தலைமையில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. டெட்ரா என்ற சின்ன நிறுவனத்தின் சடோல்மிலாஸ்ட் மருந்து அங்கே எலிகளிடம் நல்ல பலன் தந்தது. 2017இல் அது வெளியானது. இது எம்-குளூர் பாதையைத் தொடவில்லை. செல்லுக்குள் சி.ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு சிதையாமல் பார்த்துக்கொள்ளும். ஃப்ரஜைல் எக்ஸில் அந்த மூலக்கூறு குறைவு என்பது பல வருடமாகத் தெரிந்த, அதிகம் கவனிக்கப்படாத விஷயம்.

மனிதச் சோதனைக்கு ஃப்ராக்ஸாவே பணம் கொடுத்தது. ரஷ் பல்கலைக்கழகம், மறுபடியும் பெரி-கிரேவிஸ். 30 ஆண்கள். ஒவ்வொருவரும் 12 வாரம் மருந்து, 12 வாரம் ப்ளசீபோ; எது முதலில் என்பது குலுக்கலில். 2021இல் வெளிவந்த முடிவில், மருந்து பாதுகாப்பாக இருந்ததோடு, படிப்பது, சொற்களை அறிவது போன்ற மொழித் திறன்களில் முன்னேற்றம் தெரிந்தது. முப்பது பேர்தான். மாவோகுளூரன்ட் சோதனையிலும் முப்பது பேர்தான் என்பது எனக்கு மறக்கவில்லை. டெட்ராவை 2020இல் ஜப்பானின் ஷியோனோகி வாங்கிவிட்டது. பெரிய சோதனைகளை அவர்கள் தொடங்கினார்கள்.

ஆனால் இந்த முப்பது பேரை அளந்த விதம் வேறு. முந்தைய தோல்விகளுக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் டேவிட் ஹெசல் குழு, என்.ஐ.எச். டூல்பாக்ஸ் என்ற அறிவுத்திறன் தேர்வுகளை அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்றபடி சீர்செய்து, அதே ஆளுக்கு மறுபடி வைத்தால் மதிப்பெண் நம்பும்படி இருக்கிறதா என்று வருடக்கணக்கில் பார்த்திருந்தது. யாரும் செய்யாமல் விட்டிருந்த அந்தச் சலிப்பான வேலை. அதில் ஒரு தேர்வு இப்படி இருக்கும்: டேப்லெட் திரையில் நான்கு படங்கள். ஒலிபெருக்கியில் ஒரு சொல் கேட்கும். இளைஞர் திரையைப் பார்க்கிறார், விரலைத் தூக்குகிறார், ஒரு படத்தைத் தொடுகிறார். அம்மா அந்த நேரத்தில் வெளியே காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கலாம்.